கத்திரிக்காய் அக்கா

மே மாதத்துத் திருப்பதியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று சொல் என்று யாரையாவது உட்கார வைத்துப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்கள். சுலோச்சனா போனதில்லை. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாட்டி சொல்லட்டுமா என்று அவளே கேட்பாள். இப்போது ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரி வரவேற்பில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, அந்தப் புழுக்கத்தை நினைத்து ஏங்குகிறாள். கிடைத்தபோது புழுக்கம், போன பிறகு பொற்காலம். மனுஷ மனசுக்கு வேறு வேலையில்லை.

அந்த அறை ரேணிகுண்டா போகும் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரோரமாகப் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்ததுதான் அதன் மொத்த லட்சணம். அப்படியும் சத்தம் வரும். நடந்தே மலைக்குப் போகிறவர்கள் கூட்டமாகக் கோவிந்தா போட்டுக்கொண்டு தெருவில் வந்தால், அவர்கள் திருப்பம் தாண்டும்வரை சுலோச்சனா நாற்பத்தாறில் நின்றுகொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாஸ்கர் ஒரு கையைத் தூக்கியபடியே இருப்பான். கோவிந்தா ஓய்ந்ததும் கையை இறக்குவான். இவள் நாற்பத்தேழிலிருந்து ஆரம்பிப்பாள்.

வேலை இதுதான். அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே எண்ணக் கற்றுக்கொள்வதற்கு நாகபூஷணம் என்பவர் ஒரு சின்ன ஆபீஸ் வைத்து விளையாட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தார். முதலில் தெலுங்கில் செய்தார். சித்தூர் எல்லையோரத்தில் தமிழ் வழிப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். திரையில் பலூன் பறக்கும், பஸ்ஸில் ஆள் ஏறுவார்கள் இறங்குவார்கள், கடையில் காய்கறி இருக்கும். பிள்ளை விரலால் தொட்டு நகர்த்த வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் சுலோச்சனாவுடையது.

அவள் பெரிய குரல் கலைஞர் ஒன்றும் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பிறந்து, திருத்தணியில் பி.ஏ. முடித்து, மணிவேலைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தவள். மணிவேலுக்கு ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். மகள் பவ்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சுலோச்சனா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் வேலைக்குச் சேர்ந்தாள். தெலுங்கில் ஒரு முறை, எல்லை தாண்டி வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு முறை. எண்ணை மட்டும் சொன்னால் போதும். இவளோ, "அறுபத்தேழு, மெதுவா வாங்கம்மா, டாக்டர் எங்கியும் போயிடல" என்பாள். காத்திருந்து காத்திருந்து கடுகடுவென்று உட்கார்ந்திருந்தவர்கள் கூடச் சிரித்துவிடுவார்கள்.

அம்மாவின் முழங்கால் வலிக்காக அங்கே வந்த நாகபூஷணம் ஒரு காலைப்பொழுது முழுவதும் இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் டோக்கன் வந்தும் எழுந்திருக்கவில்லையாம். அடுத்த வாரமே சுலோச்சனா டயர் கடை மாடிக்கு வந்துவிட்டாள்.

முதல் நாள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தெலுங்கிலிருந்து யாரோ மொழிபெயர்த்தது. 'ஐந்து கத்தரிக்காய்களை எண்ணிக் கூடையில் இடுக' என்று இருந்தது. அவளும் நல்ல பிள்ளையாக அப்படியே வாசித்தாள். பாஸ்கர் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அவன் நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பையன், வாய்க்கு வேலி கிடையாது.

"அக்கா, கோர்ட்டு உத்தரவு கணக்கா இருக்குது. கத்திரிக்காயே பயந்து ஓடிப்பூடும்."

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளைக் கவிழ்த்து வைத்தாள். தெருவில் காய்கறிக்காரியிடம் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள். "கண்ணு, ஒரு அஞ்சு கத்திரிக்கா குடும்மா. புளிக்கொழம்பு வெக்கணும்." பாஸ்கர் கட்டைவிரலை உயர்த்தினான். அன்றைக்கு முடிவானதுதான், அதன் பிறகு தாளில் இருந்தது ஒன்று, அவள் சொன்னது ஒன்று.

ஒரே ஓர் இடத்தில்தான் சண்டை வந்தது. பிள்ளை தப்பாகப் போட்டால் 'தவறு' என்று சொல்ல வேண்டும் என்று தாளில் இருந்தது. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். முகம் தெரியாத பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் தவறு என்று சொன்னால் அது தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும், அதற்கப்புறம் எண்ணுமா என்று நாகபூஷணத்திடமே கேட்டாள். அவர் யோசித்து, உன் இஷ்டம் என்றார். அதனால் தப்பு வந்தால் டேப்லெட், "சரியா இருக்குதா? இன்னொரு வாட்டி எண்ணிப் பாரு கண்ணு" என்றது. வம்பு அந்த இடத்தில்தான் முளைக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

நல்ல நாட்கள் அவை. மதியம் பாஸ்கர் கொண்டுவரும் எலுமிச்சைச் சாதத்தையும் இவளுடைய கூட்டையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். வீட்டுக்குப் போனால் மணிவேல் கிண்டல் செய்வான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுக்கிறவளின் மகள் 'தர்ட்டி நைன்' என்றால்தான் புரிந்துகொள்வாள், முப்பத்தொன்பது என்றால் முழிப்பாள். பவ்யா படித்தது இங்கிலீஷ் மீடியம். சுலோச்சனாவும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வாள். மனசுக்குள் மட்டும் ஒரு குறை இருந்தது. ஆஸ்பத்திரியில் எண்ணைச் சொன்னால் ஓர் ஆள் எழுந்து வருவார். இங்கே சுவரைப் பார்த்து, மெத்தையைப் பார்த்து, கண்ணு கண்ணு என்று கொஞ்சினால் எந்தக் கண்ணும் வருவதில்லை. எங்கேயோ ஒரு பிள்ளை கேட்கிறதா, பதில் சொல்கிறதா, அவளுக்குத் தெரியாது. பாஸ்கரிடம் கேட்டால் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டுவான். கோடு மேலே போனால் நல்லது என்பான். கோட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஒரு நாள் அந்தக் கோடு கீழே போனது.

தமிழ்ப் பள்ளிகளில் பலூன் நன்றாக இருந்தது, பஸ் நன்றாக இருந்தது, கடை மட்டும் படுத்துவிட்டது. ஐந்து கத்திரிக்காய் கேட்டால் பிள்ளைகள் ஆறு போட்டிருந்தார்கள். எண்ணிப் பார் என்று திரும்பச் சொன்னால் ஏழு. மறுபடியும் சொன்னால் எட்டு. ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை என்றால் பரவாயில்லை, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இதே கதை. சொல்லச் சொல்ல ஏறிக்கொண்டே போகிறதே, இதென்ன எண்ணிக்கை என்று பணம் கொடுக்கிறவர்கள் மேலேயிருந்து கேட்டுவிட்டார்கள். அதே விளையாட்டு தெலுங்குப் பள்ளிகளில் ஒழுங்காக நடந்தது. தெலுங்கில் அப்போதே மனிதக் குரலை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரே பேசுகிற குரலை வைத்திருந்தார்கள். ஆக, கோளாறு விளையாட்டில் இல்லை, தமிழ்க் குரலில் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள்.

நாகபூஷணம் நல்ல மனுஷர். சுற்றி வளைத்து, தண்ணீர் குடித்து, கடைசியில் சொன்னார். கடையில் அவள் நீட்டிப் பேசுவது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. தமிழுக்கும் கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்கப் போகிறோம், அது சரியாக வந்தால் எல்லா விளையாட்டிலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

சுலோச்சனாவுக்கு வேலை போவது இரண்டாவது கவலைதான். இத்தனை வருஷமாகப் பேசினது ஒரு பிள்ளைக்கும் விளங்கவில்லையா? அதுதான் நெஞ்சை அறுத்தது. ஒன்றே ஒன்று கேட்டாள். "நானும் வரேன் சார். ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா மனசு ஆறிப்பூடும்."

சித்தூரைத் தாண்டி, பலமனேர் சாலையிலிருந்து பிரிந்து எல்லைப் பக்கம் போனால் அந்த ஊர். போகும் வழியெல்லாம் சுலோச்சனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். மாந்தோப்புகளைப் பார்த்தாளா என்றால் பார்த்தாள், ஒன்றும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் பாஸ்கர் டேப்லெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, பேசினால் பொல்லாப்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் வாயை மூடியதே காரில் பெரிய துக்கமாக இருந்தது.

தாத்தா பாட்டி காலத்தில் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பங்கள் அந்த ஊரில். இப்போது ஆளுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கத்திரி, பீன்ஸ், தக்காளி போடுகிறார்கள். பறித்ததைச் சித்தூருக்குக் கொண்டுபோய் சாலையோரத்தில் கோணி விரித்து விற்பார்கள். லீவு நாளில் பிள்ளைகளும் கோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் சொன்னவர் ரத்னம்மா டீச்சர். வந்தவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தாரே தவிர, முகம் கடுப்பாக இருந்தது. தன் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியாது என்று கடுதாசி வந்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

சுலோச்சனா வாயைத் திறக்கக் கூடாது என்று நாகபூஷணம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நேரில் பேசினால் பிள்ளைகள் கலைந்துவிடும், சோதனை கெட்டுவிடும். அதனால் அவள் வகுப்பின் கடைசியில், சத்துணவுப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், வேண்டாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள்.

முதலில் கம்ப்யூட்டர் குரல். மூன்றாம் வகுப்பில் பிரித்திகா என்று ஒரு பெண். இரட்டை ஜடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னால் வந்து உட்கார்ந்தாள். 'ஐந்து கத்தரிக்காய் வேண்டும்' என்றது டேப்லெட். குரல் சுத்தமாக இருந்தது. இடறல் இல்லை, மூச்சு இல்லை. பிரித்திகா விரலால் ஒவ்வொன்றாக இழுத்துக் கூடையில் போட்டாள். ஐந்து. நிறுத்தினாள். திரையில் நட்சத்திரம் பறந்தது. ஏழு கேட்டது, ஏழு போட்டாள். ஒன்பது கேட்டது, ஒன்பது. பின்னால் வந்த பிள்ளைகளும் அப்படியே. நாகபூஷணம் திரும்பிச் சுலோச்சனாவைப் பார்க்கவில்லை. பார்க்காததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பாஸ்கர் மனசில்லாமல் இரண்டாவது டேப்லெட்டை எடுத்து வைத்தான். "கண்ணு, ஒரு அஞ்சு கத்திரிக்கா குடும்மா. புளிக்கொழம்பு வெக்கணும்." தன் குரலைத் தானே ஒரு வகுப்பறையில் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கூச்சத்தில் காது சூடாகிவிட்டது. பிரித்திகா ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போட்டாள். ஐந்தில் நிறுத்தினாள். நாகபூஷணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரித்திகா மிச்சக் காய்களை ஒரு பார்வை பார்த்தாள். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, எண்ணாமல், கூடையில் போட்டாள்.

"சரியா இருக்குதா? இன்னொரு வாட்டி எண்ணிப் பாரு கண்ணு" என்றது சுலோச்சனாவின் குரல்.

பிரித்திகா முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். இன்னொன்றை எடுத்துப் போட்டாள். திரும்பவும் அதே கேள்வி. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னும் ஒன்று போட்டாள். ஆறு, ஏழு, எட்டு. ஆபீஸில் எல்லோரையும் ஆட்டிப் படைத்த கணக்கு கண் முன்னால் நடந்தது.

சுலோச்சனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சோதனையாவது ஒன்றாவது என்று எழுந்து முன்னால் வந்துவிட்டாள். "கண்ணு, எத்தினி கேட்டாங்க?"

வகுப்பு மொத்தமும் திரும்பியது. டேப்லெட்டைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பிள்ளை மெதுவாக, "கத்திரிக்கா அக்கா" என்றது. பிரித்திகாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ரத்னம்மா டீச்சர், கேட்டதற்குப் பதில் சொல்லு என்று அதட்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"அஞ்சு கேட்டீங்க."

"நீ எத்தினி போட்ட?"

"அஞ்சுதான் போட்டேன். அது கொசுறு."

சுலோச்சனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஏன் இன்னும் ரெண்டு போட்டாய் என்று கேட்டாள். பிரித்திகா இதைக் கூடவா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தாள். கோணிக்கு முன்னால் நின்று, சரியா இருக்குதா, எண்ணிப் பாரு என்று ஒருத்தர் கேட்டால் என்ன அர்த்தம்? கொசுறு பத்தவில்லை என்று அர்த்தம். அவள் அம்மா உடனே இன்னொன்று போடுவாள். அதற்கும் கேட்டால் இன்னொன்று. அதற்கு மேலும் கேட்கிற ஆட்களும் உண்டு, என்ன செய்வது, வாடிக்கையாயிற்றே.

நாகபூஷணத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. முதலில் வந்த குரலுக்கு ஏன் கொசுறு போடவில்லை?

"அது மிஷினு சார். அத்துக்கு இன்னாத்துக்கு கொசுறு? அக்கா கண்ணுன்னு கேக்கறாங்க. கொழம்பு வெக்கணும்னு சொல்றாங்க. வெறுங் கையா எப்பிடி அனுப்பறது?"

பின்னாலிருந்து மற்ற பிள்ளைகள் ஆமாம் ஆமாம் என்றன. ரத்னம்மா டீச்சர் முதல் முறையாகச் சிரித்தார். நாகபூஷணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கொசரா, தேவுடா" என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சுலோச்சனா சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக மெத்தைக்கு முன்னால் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தாள். அங்கே ஒரு பிள்ளை, நல்ல காயாகப் பொறுக்கி, அவளுக்காகத் தினமும் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளோ திரும்பத் திரும்ப எண்ணிப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, வாழ்நாளில் அதற்குமுன் பட்டிராத சந்தோஷமாகவும் இருந்தது.

சிரிப்பு காணிப்பாக்கம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. நாகபூஷணம் காரின் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். எல்லாம் சரி. ஆனால் மேலே இருக்கிறவர்களுக்குக் கொசுறு என்று எழுதி அனுப்ப முடியுமா? கேட்டது ஐந்து என்றால் கூடையில் ஐந்துதான் இருக்க வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டர் குரலை வைக்க வேண்டும். இல்லையென்றால் சுலோச்சனா கறாராகப் பேசித் திரும்பப் பதிய வேண்டும். கண்ணு வேண்டாம், குழம்பு வேண்டாம்.

மறுநாள் டயர் கடை மாடியில் அவள் கறாராகப் பேசிப் பார்த்தாள். 'ஐந்து கத்தரிக்காய் வேண்டும்.' பாஸ்கர் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினான். அந்தக் குரலுக்குப் பிரித்திகா என்ன, யாருமே ஒன்றும் கூடுதலாகப் போட மாட்டார்கள். வேலை நிலைக்கும். சுலோச்சனா அழித்துவிடு என்றாள். பழையபடியே கேட்கிறேன், கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மைக்குக்கு முன்னால் போனாள்.

"கண்ணு, ஒரு அஞ்சு கத்திரிக்கா குடும்மா. புளிக்கொழம்பு வெக்கணும். கொசுறு இப்ப வேணாம், நானு அப்பாலிக்கா வந்து வாங்கிக்கிறேன்."

ஒரே தடவையில் வந்துவிடவில்லை. 'கொசுறு வேணாம்' என்கிற இடத்தில் குரல் உடைந்துகொண்டே இருந்தது. அன்பாகக் கொடுத்ததைத் தட்டிவிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அதனால்தான் அப்பாலிக்கா என்பதைச் சேர்த்தாள். அந்த நேரத்துக்கு அது வாயில் வந்த சமாதானம், அவ்வளவுதான்.

கோடு மேலே ஏறிவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டதால் பிள்ளைகள் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். நாகபூஷணம் ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சுலோச்சனாவின் குரல் தப்பியது.

ஒரு வருஷத்துக்குத்தான் தப்பியது. அடுத்த கோடைக்கு முன்னால் வேறு உத்தரவு வந்தது. மார்க்கைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. எந்த மொழியானாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே பேசிவிடுகிறது, ஆளை உட்கார வைத்து, மின்விசிறியை நிறுத்தி, கோவிந்தாவுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. புது வகுப்பு தொடங்கும்போது எல்லாமே புதுக் குரல். பாஸ்கர் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தேற்றினாள். நாகபூஷணமே பேசி, பழைய ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

அந்த ஏப்ரலில் ரத்னம்மா டீச்சரிடமிருந்து போன் வந்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடப் போகிறார்கள். பிள்ளைகள் நச்சரித்து உயிரை எடுக்கிறார்களாம். கொசுறு வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று தினம் தினம் சொல்லிவிட்டு அந்த அக்கா வரவே இல்லையே, எப்போது வருவார்கள் என்று கேட்கிறார்களாம். வரமாட்டார் என்று சொல்லிவிடட்டுமா என்று டீச்சர் கேட்டார். சுலோச்சனா, நான் வருகிறேன் என்றாள்.

ஆபீஸ் கார் இல்லை. திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வகுப்புக்குள் நுழைந்ததும், வாசலில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிப்போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. மேசை மேல் ஒரு துணிப்பை. ஆளுக்கொரு கத்திரிக்காய் கொண்டுவந்திருந்தார்கள். பிரித்திகா பையைக் கவிழ்த்தாள். அக்கா சரி பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டு எண்ணித் திரும்பப் பையில் போட்டாள். மற்ற பிள்ளைகளும் கூடச் சேர்ந்து எண்ணின. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. எண்களைச் சொல்லியே பிழைத்தவள் சுலோச்சனா. யாரோ தனக்காக எண்ணுவதை அன்றைக்குத்தான் கை கட்டி உட்கார்ந்து கேட்டாள். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பையை வாங்கிக்கொண்டு அவள் புறப்பட்டபோது பிரித்திகா கேட் வரை கூடவே வந்தாள்.

"அட்த்த வருசமும் நீங்கதான வருவீங்க?"

டேப்லெட்டுக்குள் இருந்துகொண்டு அப்பாலிக்கா வருகிறேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. இங்கே அந்த முகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுலோச்சனா பொய் சொல்லவில்லை.

"இல்ல கண்ணு. வேற ஒருத்தங்க கேப்பாங்க."

"யாரு? அந்த மிஷினா?"

"ஆமா."

பிரித்திகா அவள் கையிலிருந்த பையின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டாள். பிறகு, "சரி, அத்துக்கு கேட்டது மட்டும் போட்டுடறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போன வாரம் பாஸ்கர் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தான். இந்த வருஷத்துக் கணக்கு வந்துவிட்டது, கடை விளையாட்டில் தமிழ்ப் பள்ளிகள்தான் முதலாம், அதிலும் பிரித்திகாவின் பள்ளிக்கூடம் முழு மார்க்காம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கூட அதிகமா போடலியா தம்பி?" என்று சுலோச்சனா கேட்டாள்.

"ஒரு புள்ள கூடப் போடலக்கா."

நல்லது என்று சொல்லி போனை வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அந்தப் பெரியவரைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.